கதவைத் தட்டிய மூவரும் அலகை உடைத்த கழுகும்

பிரசங்கத்தில் கதை சொல்கிறவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆராதனை முடிந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்கிற சபையாரிடம், இன்றைக்கு என்ன பிரசங்கம் என்று கேட்டுப் பாருங்கள். அதிகாரமும் வசனமும் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. கதை நினைவிருக்கும். ஆள், ஊர், யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது வரைக்கும் வரும். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் தங்கப்போவது அந்தக் கதைதான். அதனால்தான் கதையைத் தேர்ந்தெடுக்கிற விஷயத்தில் இத்தனை கண்டிப்பு வேண்டும் என்கிறேன்.

இந்தப் பக்கத்து மக்கள் கதை கேட்டு வளர்ந்தவர்கள். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. நாள் கணக்கில் நடக்கும். எந்த இடத்தில் குரலை இறக்குவது, எந்த இடத்தில் நிறுத்தி மறுநாளைக்கு வைப்பது என்பதைப் பாரதப் பிரசங்கியார் அறிந்திருப்பார். அப்படிப்பட்ட கதை சொல்லிகளைக் கேட்டுப் பழகிய ஊரில்தான் நம்முடைய கோயில்களும் இருக்கின்றன. அரைகுறையாகத் தயாரித்து வந்த கதை இங்கே முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

ஆற்காடு மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை, டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை, கத்தோலிக்கப் பங்குகள், பெந்தெகொஸ்தே சபைகள் என்று விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பிரசங்க பீடங்கள் பல. ஓர் ஆயருக்குப் பல கிராம சபைகள் இருக்கும்போது உபதேசியாரும், பள்ளிக்கூட ஆசிரியரும், வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளும் முறை வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. முதன்மையாக அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

வசனத்தை முதலில் எடுங்கள். சனிக்கிழமை ராத்திரி ஒரு நல்ல கதை கிடைக்கிறது; அதற்கு ஏற்ற வசனத்தைத் தேடத் தொடங்குகிறோம். அங்கேயே பிரசங்கம் திசை மாறிவிடுகிறது. அந்த ஞாயிறுக்கு உரிய வேதபாடத்தைப் பலமுறை படித்து, அது என்ன சொல்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கதை அந்த வாக்கியத்துக்கு வேலை செய்ய வேண்டும். பிறகு கதையை எடுத்துவிட்டுப் பிரசங்கத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அது தன் காலில் நிற்கவில்லையென்றால் கதையைச் சேர்த்தாலும் நிற்காது.

நாத்தானிடம் பாடம் கேளுங்கள். உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியைத் தனதாக்கிக்கொண்ட தாவீதிடம் தீர்க்கதரிசி போய்ச் சொன்ன கதை, இரண்டாம் சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில் நாலே வசனம். ஐசுவரியவானுக்கு ஆடுமாடு ஏராளம். ஏழைக்கு ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அந்தக் குட்டி அவன் கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, மகளைப் போல் வளர்ந்தது. கதையில் வருணனை என்று இருப்பது அந்த ஒரே இடத்தில்தான். தாவீது கோபத்தில் கொதித்துத் தீர்ப்பை அவனே சொல்லுகிற அளவுக்கு அது போதுமாயிருந்தது. இன்னொன்றையும் பாருங்கள். நாத்தான் ராஜாவின் முகத்துக்கு நேரே போய் அவனுடைய குற்றத்தைக் கதையாக்கினார். நம்முடைய பிரசங்கக் கதைகளில் குற்றவாளியாக வருகிறவர்கள் பெரும்பாலும் யார்? குடிக்கிற கூலிக்காரன், அடங்காத மருமகள், சொல் பேச்சுக் கேட்காத பையன். சபைக் கணக்கைக் கையில் வைத்திருக்கிறவரோ, வட்டிக்கு விடுகிற மூப்பரோ எந்தக் கதையிலும் வருவதில்லை. இதை ஒவ்வொரு பிரசங்கியும் தன் நோட்டைத் திறந்து சரிபார்க்க வேண்டும்.

இந்த ஊரின் கதையை ஒழுங்காகத் தெரிந்து வைத்திருங்கள். உலகமெங்கும் பிரசங்கங்களில் சொல்லப்படுகிற கதை ஒன்று திண்டிவனத்தில் பிறந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பீடங்களில் அதைச் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயோ பாதிப் பேர் அதை வேலூர்க் கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு நிமிஷத்தில் இப்படிச் சொல்லலாம்:

திண்டிவனத்தில் ஆற்காடு மிஷன் டாக்டராக ஜான் ஸ்கடர் இருந்தார். அவருடைய மகள் ஐடா, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இங்கே வந்திருந்தார். அப்போது இருபது வயதை ஒட்டி இருக்கும். குடும்பமே மிஷன் குடும்பம். ஆனால் ஐடாவுக்கு அதில் விருப்பமில்லை. அம்மா தேறியதும் திரும்பிப் போய்விட வேண்டும் என்றிருந்தார். ஓர் இரவு பிராமண இளைஞர் ஒருவர் வந்தார். மனைவிக்குப் பிரசவ வலி, நிலைமை மோசம், நீங்கள் வர வேண்டும் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் வந்து பார்க்க எங்கள் வழக்கம் இடம் தராது என்று சொல்லி அவர் போய்விட்டார். அதே இரவு இஸ்லாமியர் ஒருவர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு இன்னொருவர், இந்து. அவரும் அப்படியே திரும்பிப் போனார். ஐடாவுக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்தி, ஆண்டவர் உங்கள் கதவையும் தட்டுகிறார் என்று முடித்துவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். ஐடா டாக்டருக்குப் படிக்கப் போனார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வந்தது. 1909-இல் நர்ஸ்களுக்குப் பயிற்சி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதாவது, அந்த மாதிரி வீடுகளுக்குள் போகக்கூடிய இந்தியப் பெண் டாக்டர்களை உருவாக்கும் பள்ளி திறக்க, அந்த இரவிலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அழைப்பைப் பற்றிப் பேசுகிறவர் இந்த வருஷங்களையும் சேர்த்துச் சொன்னால்தான், நீட் தேர்வுக்கு இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கும், நர்ஸிங் படிக்க மகளை அனுப்பலாமா என்று யோசிக்கிற அப்பாவுக்கும் அந்தக் கதை எட்டும்.

எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுகிறவை வேறு இரண்டு. வந்த மூன்று கணவர்களையும் மூடர்களாகவோ கொடியவர்களாகவோ காட்டிவிடக் கூடாது. மனைவியைக் காப்பாற்ற வேண்டும் என்று ராத்திரி நேரத்தில் அந்நியர் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் அவர்கள். அந்தக் காலத்தின் வழக்கம் அவர்களையும் கட்டிப் போட்டிருந்தது. இன்னொன்று, இறந்துபோன மூன்று பெண்களுக்கும் இந்தக் கதையில் பெயர் இல்லை. இத்தனை நாடுகளில் சொல்லப்படுகிற கதையில், உயிரைக் கொடுத்த மூன்று பேரும் பெயரில்லாமல் இருக்கிறார்கள். பீடத்தில் அதை ஒரு வாக்கியமாவது சொல்லுங்கள். அவர்கள் நம் ஊர்ப் பெண்கள்.

ஆண்டைப் பற்றி ஒரு குறிப்பு: புத்தகத்துக்குப் புத்தகம் சிறு வேறுபாடு உண்டு, மூன்றாவதாக வந்தவரைப் பற்றியும் அப்படியே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அதாவது 1890-களில் என்று சொன்னால் போதும். தேதி, கிழமை, மணி என்று சேர்க்கத் தொடங்கினால் அது உங்கள் கற்பனையாகிவிடும். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிற பெண் கோயிலில் உட்கார்ந்திருந்தால், அந்த ஞாயிறு இந்தக் கதையே வேண்டாம்.

உவமையை இந்த மண்ணில் வைத்துச் சொல்லுங்கள். விதைக்கிறவன் உவமையை எடுத்துக்கொள்வோம். மானாவாரி மல்லாட்டையை ஏர்ச்சாலில் பார்த்துப் பார்த்துப் போடுகிற வானூர்ப் பக்கத்து விவசாயிக்கு, வழியோரத்திலும் முள்ளிலும் விதை விழும்படி ஒருவன் ஏன் விதைப்பான் என்ற கேள்வி வரும். அது நியாயமான கேள்வி. எள்ளைக் கையால் வீசி விதைப்பதை நினைவுபடுத்துங்கள். கலிலேயாவிலும் தானியத்தைக் கையால்தான் வீசினார்கள். நிலத்தை ஒட்டி ஆள் நடக்கிற பாதையும் இருந்தது. அவருக்கு இப்போது காட்சி தெளிவாகிவிடும். முப்பது, அறுபது, நூறு என்று பலன் சொல்லும் இடத்துக்கு வரும்போது சற்று நிதானியுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை போட்டுக் காத்திருந்தவர் மனதுக்குள் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கு போடட்டும் என்றுதான் ஆண்டவரும் எண்ணிக்கை சொல்லியிருக்கிறார்.

உப்பைப் பற்றிப் பேசுவதற்கு மரக்காணத்தை விட நல்ல இடம் ஏது? சனிக்கிழமை போய் உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவரோடு அரை மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். பாத்தியில் கட்டிய நீர் வெயிலில் சுண்டிச் சுண்டி உப்பு பூப்பதையும், அதைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பதையும், அந்தக் கூசுகிற வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டே வேலை செய்வதையும் பார்ப்பீர்கள். மழைக்கு முன்னால் குவியலைக் கீற்று போட்டு மூடாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். உப்பு கரைந்து ஓடிவிடும், மண்ணும் கசடும் மிஞ்சும் என்பார். சாரமற்றுப்போன உப்பை வெளியே கொட்டி மிதிப்பதைப் பற்றி இதற்கு மேல் என்ன விளக்கம் தேவை? ஆனால் அந்தத் தொழிலாளியின் கால் வெடிப்பையும் கூலியையும் விட்டுவிட்டு, உப்பை மட்டும் கதைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பூமிக்கு உப்பாயிருங்கள் என்று சொல்லப்பட்டது அவரையும் சேர்த்துத்தான்.

அனுமதி கேளுங்கள். ஒருவருடைய வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லப்போகிறீர்கள் என்றால், அது நல்ல செய்தியாகவே இருந்தாலும், அவர் வீட்டுக்குப் போய், "அம்மா, இதை இந்த வாரம் சபையில் சொல்லலாமா? இப்படித்தான் சொல்லப்போகிறேன்" என்று சொல்லிக் காட்டுங்கள். சொல்லுங்கள் ஐயா என்று உடனே தலையாட்டுவார்கள். ஐயா கேட்டால் எப்படி மறுப்பது என்ற கூச்சம் அதில் இருக்கும். ஒரு நாள் விட்டு மறுபடியும் கேளுங்கள். உங்கள் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் இதே முறையில் கேளுங்கள். ஆயர் வீட்டுப் பிள்ளை கணக்கில் பெயிலானது வட்டாரம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

கற்பனைக் கதை சொல்லலாம். கற்பனை என்று சொல்லிச் சொல்லுங்கள். இயேசு சொன்ன உவமைகளில் பல, ஒரு மனுஷன் என்று தொடங்குகின்றன. கெட்ட குமாரன் எந்த ஊர்க்காரன் என்று யாரும் விசாரிப்பதில்லை. "ஒரு கதை சொல்கிறேன்" என்று ஆரம்பித்தால் கேட்பவரும் கதையாகவே கேட்பார். அதன் பலத்தில் ஒன்றும் குறையாது. அதே கதையை "போன மாதம் சென்னையில் நடந்தது" என்று தொடங்கினால் பொய்.

நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கதை, அது எங்கிருந்து கிடைத்தது, எந்தச் சபையில் எந்தத் தேதியில் சொன்னீர்கள். இவ்வளவு போதும்.

செய்யக்கூடாதவை

வாட்ஸ்அப் கழுகைப் பீடத்தில் ஏற்றாதீர்கள். நாற்பது வயதில் கழுகு மலை உச்சிக்குப் போய், தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களைப் பிடுங்கி, இறகுகளைப் பிடுங்கி, ஐந்து மாதம் காத்திருந்து, புதுப்பெலன் அடைந்து இன்னும் முப்பது வருஷம் வாழ்கிறது என்ற கதையைக் கேட்காத சபை இந்த மாவட்டத்தில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். உபவாசக் கூட்டத்திலும் கேட்கிறோம், வாலிபர் முகாமிலும் கேட்கிறோம். அது நடப்பதே இல்லை. அலகு இல்லாத கழுகு இரையைக் கிழிக்க முடியாது. இரை இல்லாமல் எந்தப் பறவையும் ஐந்து மாதம் உயிரோடிருக்காது. அலகும் நகமும் தேயத் தேய வளர்ந்துகொண்டேயிருக்கும். இறகுகள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து முளைக்கும், பறப்பது நிற்காது. ஏசாயா 40-ஆம் அதிகாரத்தில் சோர்ந்துபோனவர்களுக்குக் கர்த்தர் பெலன் கொடுக்கிறார் என்றிருக்கிறது. தன்னைத் தானே அடித்து உடைத்துக்கொண்டால் பெலன் வரும் என்று அங்கே இல்லை. ஆகவே இந்தக் கதை பறவையைப் பற்றியும் தவறு, வசனத்தைப் பற்றியும் தவறு. பின்வரிசையில் உயிரியல் படிக்கிற பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. கழுகு பொய் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அடுத்து நீங்கள் கல்லறை காலியாயிருந்தது என்று சொல்லும்போது அதே வாய்தான் சொல்கிறது.

இதே வகையில் இன்னும் சில சுற்றுகின்றன. சார்லஸ் டார்வின் மரணப்படுக்கையில் மனம் மாறினார் என்ற கதை 1915-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்தது. டார்வின் இறந்தது 1882-இல். படுக்கையருகே இருந்த அவருடைய மகள் 1922-இல் அதை வெளிப்படையாக மறுத்தார். யோசுவாவின் நாளில் காணாமல்போன நேரத்தை நாசா கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தது என்பதை நாசாவே மறுத்திருக்கிறது. பிரதான ஆசாரியன் காலில் கயிறு கட்டி மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் அனுப்பினார்கள் என்பது வேதத்தில் எங்கும் இல்லை. ஊசியின் காது என்ற பெயரில் எருசலேமில் ஒரு குட்டி வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டு நுழையும் என்பதற்கும் அந்தக் காலத்து ஆதாரம் ஒன்றுமில்லை. இந்தக் கடைசிக் கதை எனக்குக் கூடுதல் வருத்தம் தருகிறது. பணக்காரனுக்குக் கூடாத காரியம் என்று ஆண்டவர் சொன்னதை, கொஞ்சம் குனிந்தால் போய்விடலாம் என்று அது மாற்றிவிடுகிறது.

பெயர் சொல்லாவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஒரு மணி நேரப் பயணம். ஒரு சபையில் பெண் எடுத்து இன்னொரு சபையில் பெண் கொடுத்தவர்கள் நாம். "எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, ஆசிரியை, கணவர் ரயில்வேயில், ஒரே பையன்" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அது யார் என்று நாலு தலை திரும்பும். ஜெபிக்கச் சொல்லி உங்களிடம் அழுதுவிட்டுப் போன காரியம் எந்தக் காலத்திலும், எந்த மாறுவேடத்திலும் பிரசங்கத்துக்கு வரக்கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பற்றிக் கத்தோலிக்கக் குருவுக்கு எவ்வளவு கடுமையான விதி இருக்கிறதோ, அதே கடுமையை நம் போதகர்களும் தங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் அந்தக் குடும்பம் மட்டும் விலகாது. அடுத்து அழ வேண்டியவர்கள் யாரும் உங்களிடம் வரமாட்டார்கள்.

வெள்ளத்தில் போனவர்களின் வீட்டைப் பாடமாக்காதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தென்பெண்ணையில் வந்த வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்தது, ரயில்கள் நின்றன, அடுப்பும் புத்தகமும் ஆடுமாடும் போயின. கன்மலையின் மேல் கட்டின வீடு, மணலின் மேல் கட்டின வீடு என்ற உவமையை அதற்குப் பிறகு பிரசங்கிக்க வேண்டியவர்கள் நாம். வீடு இடிந்தவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் ஆற்றோரத்தில் கட்டியது விசுவாசக் குறைவால் அல்ல. அங்கேதான் அவருக்கு இடம் கிடைத்தது. இன்ன பாவத்துக்காக இந்த வெள்ளம் வந்தது என்று சொல்லத் துணிகிறவர் முதலில் லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திறக்கட்டும். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களை விடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். வெள்ளத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமென்றால், இடுப்பளவு தண்ணீரில் பாலும் சோறும் கொண்டுபோனவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள்.

மாத்திரையை நிறுத்திய சாட்சியைச் சொல்லவே சொல்லாதீர்கள். சர்க்கரை மாத்திரையைத் தூக்கிப் போட்டார், காசநோய் மருந்தைப் பாதியில் விட்டார், ஜெபித்தார், சுகமானார். கேட்கிற கூட்டத்தில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்! மறுநாள் காலையில் ஒரு பாட்டி மாத்திரையை எடுத்து வைத்துவிடுவாள். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் திரும்பும். ஆண்டவர் சுகமாக்குகிறார் என்று நம்புகிறவன் நான். திண்டிவனத்தில் அந்த இரவுக்குப் பிறகு ஐடா ஸ்கடர் ஜெபித்தார். ஜெபித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனார். சுகமான சாட்சி சொல்ல விரும்புகிறவர், டாக்டர் கொடுத்த மருந்தையும் சேர்த்தே சொல்லட்டும்.

சமாரியனை ஊர் பேர் தெரியாதவனாக விட்டுவிடாதீர்கள். நல்ல சமாரியன் கதையை நாம் சாலை விபத்தில் உதவி செய்கிற கதையாக்கிவிட்டோம். திண்டிவனத்தில் தேசிய நெடுஞ்சாலை ஓடுவதால் அது சுலபமாகவும் வந்துவிடுகிறது: அடிபட்டுக் கிடந்தவர், நிற்காமல் போன கார், நின்ற லாரி டிரைவர். நல்ல கதைதான். ஆனால் இயேசுவைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு உறுத்தியது உதவி அல்ல, உதவியவன் யார் என்பது. அவர்கள் கூட உட்கார்ந்து சாப்பிட விரும்பாத ஜாதி அது. நமக்கு இது தூரத்துச் சங்கதியா? அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிற எறையூரில், 2008 மார்ச்சில் ஒரே விசுவாசத்தைச் சேர்ந்த வன்னியக் கத்தோலிக்கருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். சவ ஊர்வலம் எந்த வழியாகப் போவது, கோயிலில் யாருக்கு என்ன மரியாதை என்பதெல்லாம் அந்த வழக்கில் இருந்தன. கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை இன்னும் இருக்கிற சபையில் சமாரியனைப் பிரசங்கிக்கிறவர், விபத்துக் கதையைச் சொல்லி இறங்கிவிட்டால் அந்த உவமையைச் சொல்லவே இல்லை என்றுதான் பொருள்.

அதே நேரத்தில் எறையூரைக் கதை அலங்காரமாக எடுத்துவிடவும் கூடாது. செத்தவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது. இரண்டு பக்கத்து உறவினரும் உங்கள் முன்னால் இருக்கக்கூடும். உங்கள் சொந்தச் சபையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பேசுங்கள். பக்கத்து ஊரின் காயத்தைக் காட்டி நம் ஊரை நல்லதாக்கிக்கொள்வது சுலபம்.

அடுத்தவர் வழிபாட்டை இழிவாக்கும் சாட்சிகள் வேண்டாம். ஒலிபெருக்கி தெரு முழுக்கக் கேட்கிறது. மயிலம் முருகனுக்கும் மேல்மலையனூர் அம்மனுக்கும் போகிற அண்டை வீட்டார் நமக்குச் சமயத்தில் பால் கொடுத்தவர்கள், துக்கத்தில் வந்து நின்றவர்கள். விட்டு வந்ததைப் பழித்துத்தான் கண்டடைந்ததைச் சொல்ல முடியும் என்றால், கண்டடைந்தது என்ன?

காணிக்கைக்குப் பலன் சொல்லும் கதைகளை விட்டுவிடுங்கள். கடைசி நூறு ரூபாயைப் போட்டார், மூன்றே மாதத்தில் கார் வாங்கினார் என்ற சாட்சி எத்தனையோ வீடுகளில் பள்ளிக்கூடக் கட்டணத்தை உண்டியலுக்குள் கொண்டுபோயிருக்கிறது. இரண்டு காசு போட்ட விதவைக்கு அப்புறம் என்ன கிடைத்தது என்று சுவிசேஷம் சொல்லவில்லை.

பனிப்புயலும் குதிரை வண்டியும் வருகிற வெளிநாட்டுக் கதைகள் தவறில்லை. எப்போதும் அவைதான் என்றால் நம் ஊரில் ஆண்டவர் ஒன்றும் செய்யவில்லையோ என்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

அடக்க ஆராதனையில் வேறு கதை கூடாது. இறந்தவர் அங்கே இருக்கிறார்.

மாமியார் மருமகள் சிரிப்புக் கதைகளும் கூடாது. சிரிக்கிறவர்களுக்கு நடுவில் சிரிக்க முடியாமல் ஒருத்தி இருப்பாள்.

கதையைச் சொல்லிவிட்டு அதை அக்கு அக்காகப் பிரிக்காதீர்கள். கெட்ட குமாரன் கதையின் முடிவில் அப்பன் வாசலில் நின்று மூத்த மகனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். அவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா எழுதவில்லை. இந்தக் கதையில் வருகிற வேலைக்காரன் எதைக் குறிக்கிறான், மோதிரம் எதைக் குறிக்கிறது என்று பட்டியல் போடத் தொடங்கினால், கேட்பவர் வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது.

சொன்ன கதை தவறு என்று பின்னால் தெரிந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். அடுத்த ஞாயிறு அதே பீடத்தில் நின்று, போன வாரம் சொன்ன கழுகு கதை உண்மை இல்லை, விசாரிக்காமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள். அறிவிப்பு நேரத்தில் சொல்லி முடித்துவிடக் கூடாது. பிரசங்கத்தின் தொடக்கத்தில், எல்லாரும் உட்கார்ந்த பிறகு சொல்ல வேண்டும். கிளைச் சபைகளிலும் அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அங்கேயும் போய்ச் சொல்லுங்கள். எங்கெங்கே சொன்னீர்கள் என்பது நோட்டில் இருக்கும்.